முதல் சாம்பியனுக்குப் பந்தயம் இல்லை

செக் நாட்டின் ப்ர்னோ நகரில் வேலை பார்த்த வருடங்களில், சனிக்கிழமை சாயங்காலமானால் ஸ்வ்ரத்கா ஆற்றோரம் இருக்கிற பழைய வெலோட்ரோமுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். கூரை இல்லாத கான்கிரீட் தடம். நாலு தூறல் விழுந்தால் போதும், பயிற்சி நின்றுவிடும். பையன்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்தச் சைக்கிளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். கால் ஓய முடியாது. நிறுத்துவதற்கும் காலால்தான் எதிர்த்து அழுத்த வேண்டும்.

அங்கே ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு பெரியவர் நிற்பார். யிர்ஜி தாலெர் என்ற பெயரை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். தாலெர் அந்த ஊர்க்காரர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஆண்கள் தனிநபர் துரத்தல் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இரண்டு பேர் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று கிளம்பி, 4 கிலோமீட்டர் ஒருவரையொருவர் துரத்த வேண்டும். இறுதியில் இத்தாலியின் உர்சியை வென்று தங்கம் வாங்கினார் தாலெர்.

செக் ஓட்டக்காரர்களுக்கு இப்படி முதல் ஆளாக நிற்பது பழகிப்போனது போலும். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, முதலில் முடிப்பவர் ஜெயிக்கும் ஸ்க்ராட்ச் பந்தயம் பெண்களுக்கு உலகப் போட்டியில் வந்தது 2002-இல், டென்மார்க்கின் பாலெரூப்பில். ஜெயித்தவர் லாதா கோஸ்லீகோவா. பல பந்தயங்களைச் சேர்த்துப் புள்ளி போடும் ஆம்னியம், ஆண்களுக்கு 2007-இல் ஸ்பெயினின் பால்மாவில் வந்தது. முதல் உலக சாம்பியன் அலோயிஸ் கான்கோவ்ஸ்கி.

கான்கோவ்ஸ்கிக்கு நேர்ந்ததுதான் என்னை உறுத்துகிறது. அன்றைய ஆம்னியம் ஒரே நாளில் ஐந்து பந்தயம்: 200 மீட்டர் பறக்கும் ஓட்டம், ஸ்க்ராட்ச், துரத்தல், புள்ளிப் பந்தயம், கடைசியில் ஒரு கிலோமீட்டர் நேர ஓட்டம். வேகமும் வேண்டும், மூச்சும் வேண்டும், கூட்டத்துக்குள் புகுந்து வரும் சாமர்த்தியமும் வேண்டும். இத்தனையும் ஒரே உடம்பில் வைத்திருந்த மனிதர் அவர். மறு வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக். அங்கே ஆம்னியமே இல்லை. 2012 லண்டனில் சேர்த்தார்கள். ஆனால் அதற்குள் அது இரண்டு நாள், ஆறு பந்தயமாக மாறியிருந்தது. பிறகு அதையும் கலைத்தார்கள். இன்றைய ஆம்னியத்தில் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம் ஒன்றுகூட இல்லை. நான்குமே கூட்டமாக ஓடுகிற பந்தயங்கள். பெயர் மட்டும் பழையது.

லண்டனுக்காக எடுத்த முடிவில் தனிநபர் துரத்தல், புள்ளிப் பந்தயம், இரண்டு பேர் ஒரு அணியாக மாறி மாறி ஓடும் மேடிசன் மூன்றையும் வெட்டிவிட்டார்கள். பெய்ஜிங்கில் ஆண்களுக்கு ஏழு தடப் பந்தயம், பெண்களுக்கு மூன்று என்று இருந்ததை ஐந்து ஐந்தாக ஆக்கியது நியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பெண்களுக்கு நியாயம் செய்யப் பந்தயங்களைக் கூட்டியிருக்கலாமே? 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் மேடிசனைத் திரும்பக் கொண்டுவந்து, மொத்தம் பன்னிரண்டு ஆக்கினார்களே! அப்போது முடிந்தது லண்டனில் ஏன் முடியவில்லை?

பெரிய நாடுகள் இந்த மாற்றங்களைத் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனி ஆள், தனிப் பயிற்சியாளர், மரத்தடம் போட்ட உள்ளரங்கம் என்று வைத்திருப்பார்கள். செக் நாட்டில் ஒரே ஆள்தான் தடத்திலும் ஓட வேண்டும், சாலையிலும் ஓட வேண்டும். தடம் மெடல் கொடுக்கும். சம்பளம் சாலை அணிதான் கொடுக்கும். கான்கோவ்ஸ்கி ராணுவ விளையாட்டுக் கழகமான துக்லா ப்ராகாவுக்காக ஓட்டினார். பிறகும் செக் நாட்டுச் சிறிய அணிகளிலேயே இருந்துகொண்டு, போலந்தின் மசோவியச் சுற்றுப் பந்தயம் போன்றவற்றில் ஸ்பிரிண்ட் அடித்துக் கட்டங்களை வென்றார். டூர் டி பிரான்ஸ் பார்க்கிறவர்கள் கண்ணில் படாத வெற்றிகள் அவை. வருடா வருடம் விடாமல் ஜெயித்தவரை நான் மதிக்கிறேன்.

ஒரு ஓட்டக்காரர் உடம்பைப் பந்தயத்துக்கு ஏற்றபடி தயாராக்கப் பல வருடம் ஆகும். அதனால் கேட்கிறேன்: ஒலிம்பிக்கில் ஒரு பந்தயத்தைச் சேர்த்தால் குறைந்தது மூன்று ஒலிம்பிக்குக்கு அதன் விதியைத் தொடாதீர்கள். தனிநபர் துரத்தலை 2032 பிரிஸ்பேனில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் திருப்பிக் கொடுங்கள். உலகப் போட்டியில் அது இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. தடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமையும் போயிருந்தேன். மழை விட்டு, பையன்கள் தடத்தின் ஓரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவனை இந்தப் பக்கமும் இன்னொருவனை எதிர்ப் பக்கமும் நிறுத்தினார் பெரியவர். இரண்டு சைக்கிளின் சீட்டையும் பின்னாலிருந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் கையை உயர்த்தி, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார்.