விதையும் நிலமும்

நம் உறவினராகிய மூதாட்டியொருவர் சில வாரங்களாக நாரிநோவென்று எண்ணெய் பூசி வந்தார். ஏழாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றுச் சுகமடைந்தவர் அவர். "அது வேறு நோய், இது வயதின் நோவு" என்பது அவர் எண்ணம். வைத்தியர் எடுப்பித்த படத்திலோ, மார்பில் தோன்றிய அதே நோய் முள்ளந்தண்டிற் குடிபுகுந்திருப்பது தெரிந்தது.

மார்பிலிருந்து என்புக்கு நோய் செல்வதெங்ஙனம்? புற்றுக்கலங்கள் சில குருதியோட்டத்திற் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அவ்வாறாயின் எல்லா உறுப்புக்களிலும் நோய் ஒருபடித்தாகவன்றோ காணப்படல் வேண்டும்? 1889 ஆம் ஆண்டில் இலண்டன் சத்திரவைத்தியர் ஸ்ரீவன் பஜெற் இவ்வினாவை ஆராய்ந்தார். இந்நோயால் இறந்த 735 பேரைப் பற்றிய குறிப்புக்களில், 241 பேருக்கு ஈரலிலும் 17 பேருக்கு மட்டுமே மண்ணீரலிலும் அது பரவியிருக்கக் கண்டார். விதை எங்கும் விழும். ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்பது அவர் கண்ட முடிபு.

என்பு ஏற்ற நிலமானது ஏன்? என்பு உயிரற்ற கல்லன்று. பழையதைக் கரைக்குங் கலங்களும் புதியதைக் கட்டுங் கலங்களும் அங்கே இடையறாது தொழில் செய்கின்றன. வந்து தங்கிய புற்றுக்கலங்கள் கரைக்குங் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. என்பு கரையும்போது அதனுட் பொதிந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டுப் புற்றுக்கே எருவாகின்றன. எரு பெற்ற புற்று மேலுங் கரைப்பிக்கின்றது. நோவும் என்பு முறிவும் இவ்வாறே விளைகின்றன. சில கலங்கள் என்பு மச்சையிற் பல்லாண்டு உறங்கிக் கிடந்து பின்னர் விழிப்பதுமுண்டு.

இந்நிலையில் நோயை முற்றாக நீக்குதல் அரிது, அடக்கிவைத்தல் இயலும். என்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் உள. கதிர்ச்சிகிச்சை நோவைத் தணிக்கும். என்பிலிருப்பினும் அது மார்பகப் புற்றுநோயே. ஆதலின் அந்நோய்க்குரிய மருந்துகளே வழங்கப்படும். நம் மூதாட்டியார் இன்று நோவு தணிந்து முற்றத்தில் உலாவுகின்றார்.

நாரிநோவெல்லாம் புற்றுநோயென்று யாரும் அஞ்சவேண்டா. ஆயினும் முன்னர் இந்நோய் கண்டவர், ஓய்வெடுத்தும் தணியாத நோவு வாரக்கணக்கில் நீடிப்பின், பழைய நோயையுஞ் சொல்லி வைத்தியரிடங் காட்டுக. கால் சோர்ந்தாலோ சலம் கட்டுக்கடங்காவிடிலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன் வீட்டிலுள்ளோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.