நாகேஷின் கால்களைக் காணோம்

ரெட்டியார்பாளையத்து மொட்டை மாடியில் நம் இதழ் நண்பர்கள் கூடினால் இலக்கியம் அரை மணி, சினிமா மூன்று மணி. இம்முறை சண்டை பிரெஞ்சு நகைச்சுவை இயக்குநர் ழாக் தாத்தியின் முதல் முழுநீளப் படமான 'ழூர் த ஃபேத்' பற்றியது. கிராமத்துத் திருவிழாவுக்கு வந்த கூடாரச் சினிமாவில் அமெரிக்கத் தபால்துறையின் வேகத்தைப் பார்த்துவிட்டு, மிதிவண்டியில் தலைதெறிக்கப் பறக்கும் ஒரு தபால்காரரின் கதை. 1949இல் கறுப்பு வெள்ளையில் வெளியானது. ஆனால் தாத்தி அதைத் தாம்சன்கலர் என்ற புதிய வண்ண முறையிலும் கூடவே படம்பிடித்திருந்தார்; வண்ணப் பிரதியை அச்சிட்டுத் தர அந்த முறையின் நிறுவனத்தால் முடியாமல் போயிற்று. 1964இல் ஓர் ஓவியர் பாத்திரத்தைப் புதிதாக நுழைத்து, சில பொருள்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி மறுபடி வெளியிட்டார். 1982இல் அவர் இறந்தார். மகள் சோஃபியின் முயற்சியால் மூல வண்ணப் பிரதி வெளிவந்தபோது ஆண்டு 1995. ஆக, ஒரே படத்துக்கு மூன்று உருவம். இதில் எது படம்?

வட்டு சேர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி போதும், இரவு கழிந்துவிடும். "இயக்குநர் உயிரோடிருந்து தொட்டது 1964தான், அதுவே கடைசி வார்த்தை" என்றது ஒரு கட்சி. "அவர் எடுக்க நினைத்தது வண்ணப்படம், மற்றதெல்லாம் சமாதானம்" என்றது மற்றொன்று. நம் ஓட்டு 1949க்கு. ஊர் ஜனம் முதலில் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

புதுச்சேரிக்காரருக்கு இந்தச் சர்ச்சை அந்நியமில்லை. 1889 முதல் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் இருக்கும் ஊர் இது. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் பிரெஞ்சுப் பட வட்டும் வரும். வந்த வட்டு இங்கே ஓடாது. பிரான்சின் டிவிடிக்கு மண்டலம் இரண்டு, நமக்கு ஐந்து. எல்லா மண்டலத்தையும் ஏற்கிற பிளேயரைத் தேடி அலைந்தவர்கள் உழவர்கரையில் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தச் சண்டையைப் பொழுதுபோகாதவர்களின் நுணுக்க வியாதி என்று சொல்பவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: பிரதி கெட்டால் முதலில் சாவது நகைச்சுவை. 'பாசமலர்' எவ்வளவு கீறல் விழுந்த பிரதியில் ஓடினாலும் பாட்டி அழுதுவிடுவாள். சிரிப்பு அப்படி வராது. அதற்குச் சட்டகத்தின் ஓரம் வேண்டும், நொடிக்கணக்கு வேண்டும், ஒலி வேண்டும். தாத்தியின் 'ப்ளேடைம்' (1967) எழுபது மில்லிமீட்டர் படம். அதற்காகப் பாரிசின் புறநகரில் ஒரு நகரத்தையே கட்டி, கடனில் மூழ்கி, தன் படங்களின் உரிமையையே இழந்தார் மனிதர். அண்மைக்காட்சி அநேகமாக இல்லை. திரையின் நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் வேடிக்கை நடக்கும், எதைப் பார்ப்பது என்பது நம் பாடு. அதை 352க்கு 288 புள்ளிகள் கொண்ட விசிடியில் பார்த்தால் மனிதர்கள் கடுகாகிவிடுகிறார்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படம் பால் (PAL) முறை டிவிடியில் 25 ஓடும். நூறு நிமிடப் படம் 96இல் முடியும், குரல் சற்றே ஏறும். அழுகைக்கு அது பொருட்டில்லை. தாமதித்துத் திரும்பிப் பார்க்கிற நகைச்சுவை நடிகனுக்கு அந்தத் தாமதம்தான் தொழில்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1973இன் 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப். அதற்கு முந்தைய 'சபாபதி' (1941), 'காதலிக்க நேரமில்லை' (1964) எல்லாம் ஏறத்தாழச் சதுரமான சட்டகத்துக்கு எடுத்தவை. இன்று அகலத் தொலைக்காட்சியை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டுகிறார்கள். படத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. நாகேஷ் பாதி நடிப்பைக் காலில் வைத்திருந்தவர். அந்தப் பாதியை வெட்டிவிட்டு, அதற்கு 'உயர்தரம்' என்று முத்திரையும் குத்துகிறார்கள். ஒரு காலத்தில் மோசர் பேயர் டிவிடியை 34 ரூபாய்க்குக் கொடுத்தது, திருட்டு வட்டுக்குப் போட்டியாக. விலையில் நியாயம் இருந்தது, வீட்டுக்கு வீடு படம் போய்ச் சேர்ந்தது. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, யார் சரிபார்த்தது என்று அட்டையில் தேடாதீர்கள். தமிழ் வட்டுகளில் அந்த வழக்கம் வேரூன்றவே இல்லை.

'பேசும் படம்' (1987) இன்னும் நல்ல உதாரணம். சிங்கீதம் சீனிவாச ராவின் இந்தப் படத்தில் வசனமே கிடையாது. சினிமா கொட்டகையின் இரைச்சலில் தூங்கிப் பழகிய வேலையில்லாத இளைஞன், நட்சத்திர ஓட்டலின் நிசப்தத்தில் தூக்கம் வராமல், அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துவந்து போட்டுக்கொண்டு தூங்குகிறான். இரைச்சலும் நிசப்தமும் ஒன்றுபோலவே கரகரக்கிற பிரதியில் இந்த நகைச்சுவை எங்கே இருக்கும்?

இவையாவது கைக்குக் கிடைக்கின்றன. ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977)? திரைக்கதை வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்ததும் இசையமைத்ததும் எம்.பி. சீனிவாசன். வழிதவறி வந்த கழுதைக்குட்டியைப் பேராசிரியர் தன் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோகிறார். ஊர் முதலில் சிரிக்கிறது, பிறகு பழி போடுகிறது, கொல்கிறது, கொன்றபின் கும்பிடுகிறது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்கே. பிறகு தூர்தர்ஷன் ஒளிபரப்ப முன்வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. தமிழில் இதற்கு இணையான அங்கதப் படம் இன்னொன்று உண்டா என்று நண்பர்களைக் கேட்டோம். தயங்கித் தயங்கி ஒன்றிரண்டு பெயர் வந்தது, சொன்னவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நம் கைகளில் சுற்றும் நகலில் முகங்கள் கரைந்திருக்கின்றன, வசனம் பாதி யூகம். காசு கொடுத்து வாங்கும்படியான ஒரு நல்ல வட்டை நாம் கண்டதில்லை. குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' (1983) இதே போன்ற கசப்பான சிரிப்புதான். அதற்குத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சொந்தக்காரராக இருந்தது; 2012இல் புதுப்பித்துத் திரையரங்குக்கே கொண்டுவந்தது. தனியார் எடுத்த கழுதைக்கு அப்படி ஒரு புரவலர் இல்லை.

உரிமைச் சிக்கல் என்று கையை விரிப்பவர்களுக்கு பியேர் எத்தேயைச் சொல்வோம். தாத்தியின் 'மோன் ஓன்க்ள்' படத்தில் உதவியாளராக இருந்தவர், கோமாளிக் கலைஞர். பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தை எழுதிய ழான்-க்ளோத் கரியேருடன் சேர்ந்து 'யோயோ' (1965) முதலான படங்களைச் செய்தவர். ஓர் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி அவருடைய படங்கள் பல ஆண்டுகள் திரையிடக்கூட முடியாமல் முடங்கின. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள், வழக்கு நடந்தது, 2010இல் அத்தனையும் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தன. எத்தே அதைக் கண்ணால் பார்த்தார், 2016இல்தான் இறந்தார். ஜானுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1987லேயே போய்விட்டார்.

சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் ஆண்டுதோறும் சிறந்த தமிழ்ப் படத்துக்கு விருது கொடுக்கிற அரசு புதுச்சேரி அரசு. நவதர்சன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸும் அந்த விருது விழாவில் கூட நிற்கின்றன. புதுப்படத்துக்குக் கொடுக்கும் விருதோடு, ஆண்டுக்கு ஒரு பழைய படத்தைப் புதுப்பிக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கக் கேட்போம். முதல் படம் கழுதையாக இருக்கட்டும். அடுத்த இதழோடு இதற்கான கையெழுத்துத் தாள் ஒன்றை இணைக்கிறோம்.

வாசகர்களிடம் இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணில், பழைய திரைப்படச் சங்க நண்பரின் அலமாரியில், 'அக்கிரகாரத்தில் கழுதை'யின் பதினாறு மில்லிமீட்டர் பிரதியோ, வீடியோ நாடாவோ, துண்டறிக்கையோ இருந்தால் தெரியப்படுத்துங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். பிலிம் டப்பாவில் காடி வாடை வந்தால் மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வையுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் அதற்குக் கெடுதல். கார்த்திகை அடைமழைக்கு முன் எழுதுங்கள்.