ஆரம்பப் பாடசாலையும் பெற்றோர் சபையும்

ஜூன் மாதம் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு கதவுகள் திறக்கப்பெறுவது வழக்கம். அணையில் நீர் இருக்குமாயின் முல்லைப் பெரியாற்றின் மதகு ஒன்று. விடுமுறை கழிந்து ஆரம்பப் பாடசாலையின் கதவு மற்றொன்று. மதகு திறப்பு பெரிய வைபவம். அதிகாரிகள் வந்து மலர் தூவுகிறார்கள், பத்திரிகைகள் படத்துடன் பிரசுரிக்கின்றன, நாமும் பிரசுரிக்கிறோம். 14,707 ஏக்கர் இருபோக நன்செய்க்கு முதல் தண்ணீர் வருவது அற்ப விஷயமன்று. பாடசாலை திறந்த செய்தியோ அந்தந்தத் தெருவைத் தாண்டுவதில்லை. எத்தனை குழந்தைகள் புதிதாகச் சேர்ந்தனர், எந்த உபாத்தியாயர் மாற்றலாகிப் போனார், மழைக்கு முன் எந்தக் கூரையைப் பழுது பார்க்க வேண்டும் என்பவை அவ்வூரிலேயே பலருக்கும் தெரியாமற் போகின்றன.

மார்க்கையன்கோட்டையை எடுத்துக்கொள்வோம். தேனி ஜில்லா உத்தமபாளையம் தாலுகாவில், சின்னமனூருக்கு அருகே உள்ள ஊர். கண்ணால் காண்போர்க்கு அது நெல்வயல் சூழ்ந்த கிராமம். சட்டத்தின் கண்ணுக்கோ பேரூராட்சி. இதனால் நேரும் விளைவு ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம ஊராட்சிகளில் கூடும் கிராம சபை பேரூராட்சிக்கு இல்லை. அடுத்த ஊர்க் குடியானவன் ஆண்டில் சில தடவையாவது எழுந்து நின்று, 'எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் என்னவாயிற்று?' என்று வாய்விட்டுக் கேட்கக்கூடிய அந்த இடம் இவ்வூரானுக்குக் கிடையாது. ஆகவே, பாடசாலையின் பொருட்டே சட்டம் ஏற்படுத்தியுள்ள பெற்றோர் சபை இத்தகைய ஊர்களுக்கு இரட்டிப்பு மதிப்புள்ளதாகிறது.

நாம் குறிப்பிடுவது பள்ளி மேலாண்மைக் குழுவை. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 21-வது பிரிவின்படி, குழுவின் அங்கத்தினரில் முக்கால் பங்குக்குக் குறையாதோர் அப்பள்ளியிற் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். அங்கத்தினரிற் பாதிப்பேர் ஸ்திரீகள். பின்தங்கிய, நலிந்த வகுப்பாருக்கு அவர்கள் குழந்தைகளின் தொகைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம். பள்ளி நடைபெறும் விதத்தைக் கண்காணிப்பதும், வரும் மானியம் எவ்வாறு செலவாகிறதென்று பார்ப்பதும், 22-வது பிரிவின்படி பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிப்பதும் குழுவின் கடமைகள். கோகலே 1911-ஆம் வருஷத்தில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். மறு வருஷம் அது தோற்கடிக்கப்பட்டது. தேசம் அவர் விரும்பியதைச் சட்டமாகக் காண்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு காத்திருந்தது. அவ்வளவு காத்திருந்து பெற்ற சட்டத்தில், சாதாரணப் பெற்றோரின் கைக்கு எட்டும் ஷரத்து இதுவொன்றே என்று சொன்னாலும் தகும். மற்றவற்றுக்கு வக்கீல் வேண்டும். இதற்கு ஊரார் கூடினாற் போதும்.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022-லும், மறுபடி 2024-லும் புதிதாக அமைக்கப்பெற்றன. காகிதத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் கூட்டம் நடந்ததாக எழுதிய நோட்டுப் புத்தகம் கையொப்பத்துக்காக வீடு தேடி வரும் வழக்கம் நாம் அறியாததன்று. எந்தப் பள்ளியையும் சுட்டி நாம் இதை எழுதவில்லை. கையெழுத்திட்ட தாயாரைக் கேட்டால், 'சார் சொன்னார், போட்டேன்' என்பாள். தீர்மானம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. வாசித்துக் காட்டும்படி கேட்கலாமென்பதும் தெரியாது.

இதற்குக் காரணம் பெற்றோரின் அசிரத்தை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இப்பள்ளத்தாக்கின் வாழ்க்கையை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜூன், ஜூலையில் நடவு. நடவுக்குப் போகும் ஸ்திரீ அன்றைய வேலையை விட்டால் கூலி போயிற்று. பள்ளத்தாக்கின் பல ஊர்களினின்று விடியுமுன்னரே ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அனேகர். அவர்கள் புறப்படும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்; திரும்பும்போது பள்ளி மூடியிருக்கும். குழுக் கூட்டமோ வழக்கமாக வெள்ளிக்கிழமைப் பிற்பகலில். இந்தத் தாயார் எப்படி வருவாள்? வண்டி வைத்துத் தனியார் பள்ளிக்குக் குழந்தையை அனுப்பச் சக்தியுள்ளவர்கள் பெரும்பாலும் அனுப்பிவிட்டார்கள். சர்க்கார் பாடசாலையை நம்பி நிற்போர் அரை நாட் கூலியையும் இழக்க மாட்டாத இவர்களே. இவர்கள் வர முடியாத வேளையிற் கூட்டத்தை வைத்துக்கொண்டு, வரவில்லையே என்று வருந்துவது நியாயமாகாது.

படிப்பில்லாத பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகத்தில் என்ன தெரியுமென்ற கேள்வியும் எழுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் தமிழ்நாட்டின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலையுணவுத் திட்டத்தைப் பாருங்கள். ஊர்ப்புறங்களில் அவ்வுணவைச் சமைப்போர் மகளிர் சுய உதவிக் குழுவினர். தம் குழந்தை அதே பள்ளியிற் படிக்கவேண்டும் என்பது அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனைகளுள் ஒன்று. தன் பிள்ளை உண்ணும் உப்புமாவில் தாய் கைவைக்கமாட்டாள் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. மிக்க புத்திசாலித்தனமான விதி. அடுப்படியில் நம்பத் தகுந்தவளைக் கணக்குப் புத்தகத்தின் முன் நம்பலாகாதா?

மேலும், பள்ளியின் உண்மையான செய்தி பெற்றோரிடமே முதலில் வந்து சேர்கிறது. 60 குழந்தைகள் வரையுள்ள பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர் என்பது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இருவர். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ சென்றால் மற்றவர் ஐந்தையும் ஒரே அறையில் உட்கார வைப்பார், வேறென் செய்வார்? அன்று மாலையே குழந்தை, 'இன்றைக்கு எங்களுக்குப் பாடமே இல்லை' என்று வீட்டில் சொல்லிவிடும். மாதத்தில் எத்தனை நாள் இவ்வாறு சென்றதென்று ஜில்லாக் கல்வி அதிகாரிக்கு முன்னதாக அந்தத் தாய்க்குத் தெரியும். அதைச் சொல்ல அவளுக்கு ஓர் இடமும், எழுதிக்கொள்ள ஒருவரும் வேண்டும். தலைமை உபாத்தியாயருக்கும் இது நன்மையே. இன்னோர் உபாத்தியாயர் தேவை என்று அவர் தனியே எழுதும் கடிதத்தைக் காட்டிலும் முப்பது பெற்றோர் ஒப்பமிட்ட தீர்மானத்துக்கு வலுவதிகம்.

ஊரார் பள்ளியில் அக்கறை காட்டமாட்டார் என்பதைத் தமிழ்நாட்டுச் சரித்திரமே மறுக்கிறது. ஸ்ரீ காமராஜ் முதன் மந்திரியாயிருந்த காலத்தில், 1958-ஆம் வருஷம் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரிற் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நாடெங்கும் பரவின. கல்வி டைரக்டர் ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அம்மாநாடுகளில் ஜனங்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் மனமுவந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஊரார் தேவைப்பட்டனர். கணக்குக் கேட்கும்போது மட்டும் அவர்கள் அன்னியராவதெப்படி?

நாம் வேண்டுவது அதிகமன்று. நடவுக் காலத்திலேனும் குழுக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூடட்டும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் உபாத்தியாயினிகளுக்கு இது சிரமமென்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கு ஈடாக மறுநாட் காலையில் விடுப்பு அளிப்பதில் சர்க்காருக்கு நஷ்டம் பெரிதில்லை. இரண்டாவதாக, நடவடிக்கைக் குறிப்பு ரகசியமாகலாகாது. மத்திய சர்க்கார் 2010-இல் வெளியிட்ட விதிகள், குழு மாதம் ஒருமுறையேனும் கூடவேண்டுமென்றும், தீர்மானங்கள் பொதுஜனங்களின் பார்வைக்குக் கிடைக்கவேண்டுமென்றும் கூறுகின்றன. அவை மத்திய சர்க்காரின் பள்ளிகளுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியவை என்று வாதிக்கும் சக வக்கீல்களை நாம் அறிவோம். வாதம் சரியே. ஆயினும் டில்லியின் பள்ளிக்கு நல்லதாகிய ஒரு வழக்கம் சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளிக்குக் கெட்டதாகிவிடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்பது போதாது. கைப்பேசி பெரும்பாலும் தகப்பனாரின் சட்டைப் பையில் இருக்கிறது. குறிப்பைப் பள்ளிச் சுவரில் ஒட்டவேண்டும். எழுத்தறியாதார் பொருட்டு அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் உரக்க வாசிக்கவும் வேண்டும்.

மார்க்கையன்கோட்டையிலிருந்தோ சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தோ இத்தகைய கூட்டக் குறிப்புகள் வருமாயின், அவற்றைக் கட்டணமின்றிப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். சேர்க்கை, வருகை, மானியம், தீர்மானம் ஆகிய விவரங்கள் போதும். குழந்தைகளின் பெயர் வேண்டாம். நடையைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. தொகைகளை மாத்திரம் விளங்கும்படி எழுதி அனுப்புக.