வேலியோரப் பூவரசு

பூக்களைப் படம்பிடிக்க விரும்பும் மாணவர்கள் பூந்தோட்டங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும் பூவரசே போதும். காலையில் இளமஞ்சளாய், நடுவிற் கருஞ்சிவப்புப் பொட்டுடன் விரியும் அப்பூ, பொழுது சாயச் சாயச் செம்மை படர்ந்து வாடிவிடும். ஒரே பூவைக் காலை, நண்பகல், மாலை என மும்முறை படம்பிடித்து அருகருகே வைத்துக் காட்டுங்கள். மூன்றும் ஒன்றே என்பதை வீட்டார் எளிதில் நம்பார்! உச்சிவெயிலில் மஞ்சள் வெளிறித் தோன்றும்; உங்கள் நிழலையே பூவுக்குக் குடையாக்குங்கள். கருவியைப் பற்றிய கவலை வேண்டாம், கைத்தொலைபேசியே நன்கு உதவும்.

ஆனால் காலந் தாழ்த்தாதீர்கள். பூவரசங் கதியால்கள் நின்ற இடங்களிற் சீமெந்து மதில்கள் எழுகின்றன. அம்மம்மா பீப்பீ செய்து ஊதிய இலை எதுவென்று நாளை ஒரு பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு உங்கள் படமாவது இருக்கட்டும்.