ஒரு மாதம் கூட்டினால் எந்தத் தேதி?

கணினி சொல்லிவிட்டால் தேதி சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அதிகம். வணிகவியல் படிப்பவர்களாவது அப்படி நம்பக்கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. 2023 பிப்ரவரி 28 தேதியிட்ட மாற்றுச்சீட்டு. தவணை ஒரு மாதம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'டேட் ஆட்' ஃபங்ஷனைக் கேட்டால் மார்ச் 28 என்கிறது. ஆரக்கிளின் 'ஆட் மன்த்ஸ்' மார்ச் 31 என்கிறது! இதில் கோளாறு எதுவும் இல்லை. மாதக் கடைசி நாளைக் கொடுத்தால் மாதக் கடைசி நாளையே தருவது என்பது ஆரக்கிள் தனக்கு வைத்துக்கொண்ட விதி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 23-வது பிரிவின்படி, அடுத்த மாதத்தின் அதே தேதிதான் கணக்கு. அந்தத் தேதியே இல்லாத மாதம் என்றால் மட்டும் கடைசி நாள். ஆக, மார்ச் 28. சலுகை நாட்கள் 3 சேர்த்தால் முதிர்வு மார்ச் 31. ஆரக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏப்ரல் 3!

மூன்று நாள்தானே என்று விடமுடியாது. முதிர்வு நாளில் சீட்டை முன்னிலைப்படுத்தத் தவறினால், மேலெழுத்திட்டவர்கள் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள இடமிருக்கிறது. முதிர்வு நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே கணக்கு என்கிறது 25-வது பிரிவு. இது இரண்டு ஃபங்ஷனுக்குமே தெரியாது.

நிரல் எழுதுபவருக்குக் கூட்டத் தெரியும். எந்த விதிப்படி கூட்டுவது என்று சொல்லவேண்டியவர் வணிகவியல் படித்தவர்தான். கல்லூரிகளில் சட்டத்தை ஒரு தாளாகவும் கணினியை இன்னொரு தாளாகவும் தனித்தனியே நடத்தி முடித்தால், அந்தக் கேள்வியை யார்தான் கேட்பது?