சேர்க்கை மட்டும் போதாது
திருநர்களுக்குச் சம வாய்ப்புக் கொள்கை வகுக்க 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குழு அமைக்க நேர்ந்ததே, 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டளவில் நிற்கிறது என்பதற்குச் சான்று. 2015இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநர் கொள்கை வெளியிட்ட கேரளம், 2018இல் கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடப்பிரிவுதோறும் இரண்டு கூடுதல் இடங்களுக்கும் ஆணையிட்டது பாராட்டுக்குரியது. ஆனால் இடம் கிடைத்தும் விடுதியும், அச்சமின்றிப் புழங்கக் கழிப்பறையும் இல்லையெனில் படிப்பு பாதியில் நின்றுபோகும். வீடு விரட்ட, வகுப்பு ஏளனம் செய்ய, தனித்துப்போன மாணவர் மதுவில் ஆறுதல் தேடுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. எனினும் அதை ஒழுக்கக்கேடென்று முத்திரை குத்தி வெளியேற்றுவது, நோயை விட்டுவிட்டு நோயாளியைத் தண்டிப்பதாகும். சட்டம் கோரும் குறைதீர் அலுவலரை ஒவ்வொரு கல்லூரியும் உடனே நியமிக்க வேண்டும். மதுப்பழக்கத்துக்கு ஆளானோரை இடைநீக்கம் செய்யாமல், கேரள அரசின் ‘விமுக்தி’ போதை ஒழிப்பு இயக்கத்தின் வழியே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். பாலக்காட்டில் கொல்லங்கோட்டை உள்ளடக்கிய சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம் வட்டத்திலும் தமிழ் மாணவர்கள் கணிசமாக இருப்பதால், மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்க வேண்டும். பாகுபாட்டை வளரவிட்டுப் பழக்கத்தை மட்டும் பழிப்பது நீதியாகாது.