கோதுமை ஆகாதவருக்கு ஓட்டலில் என்ன இருக்கிறது?

தூத்துக்குடியில் பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கல் சூடேறிவிடும். பரோட்டாக் கடையை 'நைட் கிளப்' என்று சொல்லும் ஊர் இது. துறைமுகத்தில் வேலை முடித்து வருகிறவர், உப்பளத்துத் தொழிலாளி, மீன் ஏலம் முடித்தவர் என்று பலருக்கும் இராச் சாப்பாடு அங்கேதான். பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிக்கொள்ளும் அந்த வரிசையில் ஒருவர் மட்டும் இரண்டு தோசை கேட்கிறார். தோசையில் அரிசியும் உளுந்தும்தான் உண்டு. ஆனால் அதே கல்லில் ஐந்து நிமிடத்துக்கு முன் பரோட்டா வெந்திருக்கிறது. அதனால் அந்தத் தோசையும் அவருக்கு ஆகாது. அவருக்கு இருப்பது சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைப் புரதத்துக்கு குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவை வீசி இழுத்தாலும் அறுந்துபோகாமல் விரிவது இந்தப் பசையால்தான். சீலியாக் நோய் உள்ளவருக்கு இது வயிற்றில் போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்கே விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய முளைகள் தேய்ந்துபோக, தின்றதன் சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. ஓயாத வயிற்றுப்போக்கு, உப்புசம், எத்தனை மாத்திரை தின்றும் தீராத இரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளை என்று பல வேடத்தில் இது வரும். பூச்சி மருந்து கொடுத்தே வருடங்கள் ஓடிவிடுவதும் உண்டு. இதற்கு மாத்திரை கிடையாது. பசைப் புரதத்தை ஆயுளுக்கும் விலக்குவது ஒன்றே வைத்தியம். விலக்கினால் பெரும்பாலோருக்குக் குடல் தேறிவிடும். சந்தேகம் உள்ளவர்கள் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. நிறுத்திய பிறகு இரத்தச் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டது டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அந்நாட்டில் ரொட்டிக்குப் பெரும் பஞ்சம். ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோய்ப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்தது. 1950இல் அவர் இதை ஆராய்ச்சி நூலாகவே எழுதினார்.

கோதுமை வடக்கத்தியார் சாப்பாடு, இந்தப் பக்கம் இந்த நோய்க்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். 2016இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல். தெற்கே 1000 பேரில் ஒருவர்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது, மூன்று பேரில் ஒருவருக்கு மேல். வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கே தினசரி உணவில் கோதுமை ஏராளம். தெற்கே மிகக் கொஞ்சம். 1956இல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் முதல் அரிசிச் சீமையிலும் மைதா மெல்ல மெல்ல ஊன்றிவிட்டது. இன்று காலையில் ரொட்டி, மாலையில் பிஸ்கட், இரவில் பரோட்டா. இந்த வேகத்தில் போனால் தெற்கின் அந்தச் சிறிய எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. வேலைக்காக வட மாநிலங்களிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களிலும் இந்த நோயாளிகள் இருப்பார்கள்.

வீட்டில் இருக்கும்வரை இவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. வெளியே சாப்பிடுவதில்தான் ஆபத்து. பரோட்டா, பூரி, ரவா தோசை, சேமியாப் பாயசம் ஆகியவற்றை யாரும் கண்டுகொள்வார்கள். கோழிப் பொரியலில் மொறுமொறுப்புக்குப் போட்ட மைதா கண்ணுக்குத் தெரியாது. சோயா சாஸில் கோதுமை உண்டு. உளுந்தவடை உளுந்துதான், அதே எண்ணெயில் சமோசாவும் வெந்திருந்தால் வடையும் கெட்டது. கலப்புப் பெருங்காயம் என்று விற்பதில் பிசினோடு மாவும் சேர்ந்தே இருக்கும். சட்டப்படி அது குற்றமல்ல. பல கம்பெனிச் சரக்கில் அந்த மாவு கோதுமையாகவோ மைதாவாகவோ இருக்கிறது. ஆகவே சாம்பாரும் ரசமும்கூட விசாரிக்க வேண்டியவையே. உடம்புக்கு நல்லது என்று கொடுக்கும் சத்து மாவில் கோதுமை இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. இனிப்பிலும் இதே கதைதான். முதலூர் மஸ்கோத் அல்வா மைதாவில் பால் எடுத்துச் செய்வது, ஆகாது. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளை, சீனி, முந்திரிப்பருப்பு மட்டுமே, ஆகும். ஆனால் அதைச் செய்யும் பேக்கரியில் மைதா பறந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் கேட்டுச் சாப்பிட நம்மூர் ஓட்டல்கள் இடம் கொடுப்பதில்லை. "அண்ணாச்சி, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?" என்று கேட்டால், "எல்லாம் சுத்தமான சரக்குதான் தம்பி, பயப்படாமச் சாப்பிடுங்க" என்றுதான் பதில் வரும். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அழுக்கு இல்லை என்பதே அவருடைய சுத்தம்; கோதுமை இல்லை என்ற சுத்தம் ஒன்று உண்டென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை உள்ள பெரிய ஓட்டல்கள், ஒவ்வாமை தரும் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஒற்றைக் கடைக்காரரை அந்த விதி எட்டவில்லை. சாதாரண மக்கள் சாப்பிடுவதோ ஒற்றைக் கடையில்தான்.

விவசாயிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசல் காடுகளில் மானாவாரியாக விளையும் கம்பு, சோளம், குதிரைவாலி, மக்காச்சோளம், உளுந்து, பாசி எதிலும் இந்தப் பசைப் புரதம் இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நெல்லிலும் இல்லை. அதைவிட முக்கியம், இந்த மாவட்டத்தில் கோதுமைச் சாகுபடி கிடையாது. பஞ்சாபில் ஒரு விவசாயி சிறுதானியம் போட்டால் பக்கத்து வயல், கதிரடிக்கும் எந்திரம், களம் எல்லாவற்றிலிருந்தும் கோதுமை ஒட்டிக்கொள்ளும். கரிசல் காட்டுக் களத்திலிருந்து கிளம்பும் கம்பில் ஒரு கோதுமை மணிகூட இருக்க வழியில்லை. காசு கொடுத்தும் வாங்க முடியாத இந்தச் சுத்தம் விவசாயி கையில் சும்மா கிடைத்திருக்கிறது. கெடுவது அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு கலந்தால் கெடும் என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. குளூட்டன் இல்லாத உணவு என்று விற்க, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. உலக அளவிலும் அதுவே. கோதுமை மாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆகவே 50 கிலோக் கம்பு மாவு மூட்டையில் 10 கிராம் கோதுமை மாவு, அதாவது ஒரு பெரிய கரண்டி, சேர்ந்தாலே எல்லை தொட்டுவிடும். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடுகிறது என்று இத்தாலிய மருத்துவர்கள் 2007இல் காட்டினார்கள். அது அரை கிராம் மாவு. தோசைக்கல்லில் ஒட்டியிருக்கும் பரோட்டாத் துணுக்கு போதும்.

இந்த ஒரு கரண்டி எங்கே சேர்கிறது? மாவு மில்லில். முந்தின ஈடு கோதுமையாக இருந்தால் கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு அடுத்த ஈட்டில் இறங்கும். மில்லில் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் இது தெரியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தது சாக்கு. கோதுமையோ மைதாவோ வந்த சாக்கை உதறிவிட்டுக் குதிரைவாலி பிடிக்கிறார்கள். உதறினால் போகிற விஷயமல்ல இது.

இதற்காகப் புதிதாக ஒரு பயிரைத் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடித்து எல்லாருக்கும் சஞ்சீவி போல விற்கும் பட்டணத்து வியாபாரத்தை நம்பி விவசாயி கடன் வாங்கி இறங்குவதும் வேண்டாம். நோய் இல்லாதவர் கோதுமையை விலக்குவதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, உண்மையான நோயாளிகளோ தெற்கே சிலர்தான். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய கையோடு கடைகளில் புறப்பட்ட கம்புப் பிஸ்கட்டுகளில் பலவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருந்ததைச் சீட்டைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்த வழி வேண்டாம். ஆனால் இருக்கிற தானியத்தைக் கலப்பில்லாமல் காப்பதற்குச் செலவு மிகக் குறைவு. வாங்குகிறவர் சிலரே ஆனாலும், ஒருமுறை நம்பிவிட்டால் அவர்கள் வேறு இடம் தேடிப் போகமாட்டார்கள். அவர்களுக்கு வேறு இடமும் இல்லை.

ஊரில் நாலைந்து விவசாயிகள் அல்லது ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு சேர்ந்தால் மில்காரரிடம் வாரத்தில் ஒரு நாள் கேட்கலாம். முந்தின இரவு கல்லைக் கழற்றித் துடைத்து, குழாய்த் துணியை மாற்றி, காலையில் முதலில் ஐந்து கிலோ அரிசியை அரைத்து மாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு கம்பும் குதிரைவாலியும் அரைக்கலாம். புதுச் சாக்கு, தனி அளவுப்படி, தனி முறம். பையில் 'கோதுமை அரைக்காத நாளில் அரைத்தது' என்று எழுதலாம். பரிசோதனைச் சாலையில் சோதித்துச் சான்று பெறாமல் 'குளூட்டன் இல்லாதது' என்று மட்டும் எழுதக் கூடாது, சட்டம் விடாது.

தூத்துக்குடி, கோவில்பட்டி, திருச்செந்தூரில் ஓட்டல் வைத்திருப்பவர்களும் பெரிய முதல் போட வேண்டியதில்லை. தோசைக்கென்று ஒரு கல்லும் ஒரு திருப்பியும் தனியாக, அரிசி மாவு சேர்த்த பெருங்காயம், வடைக்கு வேறு எண்ணெய்ச் சட்டி. பரோட்டாக் கல்லுக்கும் இட்லிக் கொப்பரைக்கும் நடுவே நாலு முழ இடைவெளி. புரட்டாசி விதைப்புக்கு முன்பே மில்காரரிடமும் இப்படி ஓர் ஓட்டல்காரரிடமும் பேசி வைத்தால், தை அறுவடைக் குதிரைவாலியின் முதல் மூட்டை எங்கே போக வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடும்.